பஞ்சர் தொட்டி

முதுநகர் தாண்டி, சிதம்பரம் ரோட்டில்
என் கடைக்குப் பின்னால்
விலைக்குக் கிடந்த ரீட்ரேட் டயருக்குள்
சாம்பல் கோழி ஏறி உட்கார்ந்து
மூன்று நாளாக இறங்கவில்லை.
கை நீட்டினால் இறகெல்லாம் உப்பி
‘கொர்’ரென்று ஒரு வசவு.

‘ஒந்தொட்டித் தண்ணியில நாலு முக்கு முக்கு,
தெளிஞ்சி முட்டைக்கு வந்துடும்’ என்றார்
டீக்கடை பக்கிரி.
முட்டை அவருக்குத்தான் போகிறது,
ஒன்று பதினைந்து ரூபாய்.
அவர் கவலை அவருக்கு.

நான் மணல் கொட்டினேன்.
வைக்கோலுக்கு எங்கே போவது,
பனியன் வேஸ்ட் பரப்பினேன்.
பதினொரு முட்டை.
டியூபில் ஓட்டையைக் குறிக்கிற சாக்பீஸால்
ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி.
இடி இடித்தால் கெடாமலிருக்க
இரும்பு வைக்க வேண்டுமாம்.
என்னிடம் இரும்புக்கா பஞ்சம்?
ஒரு வளைந்த லீவர், இரண்டு நட்டு.

மணல் லாரி தனவேல்
ஸ்டெப்னிக்கு அதே டயரைக் கேட்டான்.
‘ஆள் இருக்குது’ என்றேன்.
குனிந்து பார்த்து
ஒரு ‘கொர்’ வாங்கிக்கொண்டு போனான்.

பதினெட்டாம் நாள்
அது தீனிக்கு இறங்கிய நேரம்,
தொட்டியைத் தேய்த்துக் கழுவி
வெதுவெதுப்பாய்த் தண்ணீர் ஊற்றி
முட்டைகளை மிதக்கவிட்டேன்.

பதினாறு வருஷமாய் இந்தத் தொட்டியில்
எதுவும் அசையக் கூடாது என்றே
பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.
குமிழி வந்தால் ஓட்டை.
சும்மா கிடந்தால் நல்ல டியூப்.

காற்றில்லை. ரோட்டில் வண்டியும் இல்லை.
தண்ணீர் அடங்கி
கண்ணாடி மாதிரி ஆனபிறகு
ஒரு முட்டை
தானாகத் தலையாட்டியது.

அப்புறம் பக்கத்தில் இருந்தது.
எண்ணினேன். எட்டு.
மற்ற மூன்றும் ஆடவில்லை;
எதற்கும் இருக்கட்டுமென்று
துடைத்து அவற்றையும் உள்ளே வைத்தேன்.
திரும்பி வந்த கோழி
ஒவ்வொன்றாய் அலகால் புரட்டிப் பார்த்தது
என்னை நம்பாமல்.

இருபத்தோராம் நாள் ராத்திரி கீச்சுச் சத்தம்.
மறுநாள் மத்தியானம்
தாய் வெளியே குதித்துவிட்டது,
குஞ்சுகளுக்கு டயர் விளிம்பு கோட்டைச் சுவர்.
வெளியே இருந்து அது கூப்பிட
உள்ளே இருந்து அவை கத்த
நான் லீவர் கொடுத்து ஒரு பக்கம் தூக்கினேன்.
எட்டும் உருண்டு வந்தன.
மூன்று முட்டை மணலிலேயே கிடந்தது.

தனவேல் அன்றைக்கே வந்தான்.
டயரை ஏற்றினான், காசைக் கொடுத்தான்,
வண்டியில் ஏறிச் சாவியைத் திருகப் போனான்.

நிழல் தேடி
எட்டையும் கூட்டிக்கொண்டு
அவன் பின்சக்கரத்தடியில் போய்
இறக்கை விரித்துவிட்டிருந்தது அது.

‘வெரட்டு’ என்றான்.
‘நீயே வெரட்டு’ என்றேன்.

இறங்கிப் போய்க் குனிந்தான்.
வழக்கமான வசவு.
பக்கிரி கடையில்
இரண்டு டீ சொன்னான்,
அவன் கணக்கில்.