துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு படம்

கமலாசனி தேர்தல் கேக்கிறாள்.
எங்கட வட்டாரம், சுயேச்சைக் குழு,
சின்னம் தையல் மெசின்.
பத்து மணிக்குள்ள படம் வேணுமெண்டு பிரெஸ்காரன் நிக்கிறான்.
ஸ்ரூடியோவில ரெண்டாயிரம்.
என்னட்டைக் கிடக்கிறது
மூலையில வெடிச்ச ஒரு போன்.

முதல் கமெராக் கண்ணைத் துடைச்சன்.
மீன் வெட்டின கையால தூக்கின போன்,
துடைக்காமல் எடுத்தால்
ஆரும் சாமியார்தான், ஒளிவட்டத்தோட.

வெயிலுக்க நிக்காதை,
கண்ணுக்குக் கீழ கிணறு விழும்.
குசினி வாசலுக்கு வா.
எட்டு மணி வெளிச்சம் அங்க
வெள்ளைச் சுவரில பட்டுத் திரும்பி
அவசரமில்லாமல் முகத்துக்கு வரும்.

கிட்ட நிண்டு எடுத்தால் மூக்குத்தான் தலைவர்,
காது ரெண்டும் பின்னால தொண்டர்.
நாலடி தள்ளி நிண்டன்,
ரெண்டு மடங்கு இழுத்தன்,
போனைக் கண்ணுக்கு ஒரு சாண் மேல பிடிச்சன்.
"நாடியைக் கொஞ்சம் முன்னுக்குத் தா,
ஆமை ஓட்டுக்கால எட்டிப் பாக்கிற மாதிரி."
"வோட்டுக் கேக்க ஆமையாகவும் வேணுமோ?" எண்டாள்.

பின்பக்கத்தை மங்க வைக்கிறதையும் தட்டினன்.
தண்ணித் தொட்டி, காஸ் சிலிண்டர்,
கொடியில கிடந்த புருசன்ட சாரம்
எல்லாம் பாலாய்க் கரைஞ்சுது.
கூடவே இடப்பக்கத் தோடும்.
தோட்டையும் பின்னாலதான் எண்டு நினைச்சுதாக்கும்.

ஒண்டு, ரெண்டு, மூண்டு.
மூண்டில ஆருக்கும் முகம் இல்லை,
பல்லு மட்டும்தான்.
"சரி, எடுத்தாச்சு" எண்டு சொல்லிப்போட்டு
போனை இறக்காமல் நிண்டன்.
மூச்சை விட்டாள். தோள் இறங்கிச்சுது.
ஒழுங்கையில ஆரோ பவுசர் போகுதெண்டு கத்த
"நிப்பாட்டச் சொல்லு அவனை!"
எண்டு திரும்பினாள்.

பத்தொன்பதாவது படம் அது.
வாய் பாதி திறந்து,
நெத்தியில ஒரு மயிர்க்கற்றை,
கண் ரெண்டும் பவுசரில.
எனக்கெண்டால்
அந்த முகத்துக்கு வோட்டென்ன,
வீட்டுத் திறப்பையும் குடுப்பன்.

அவள் பாத்தாள்.
"சண்டைக்காரி மாதிரிக் கிடக்கு."
பதினோராவதைத் தெரிஞ்சாள், பல்லை.
பிறகு அழகாக்கிற கோட்டில
விரலை வைச்சு வலப்பக்கம் தள்ளினாள்.
மூண்டில நிண்டிருக்கலாம்.
பத்து மட்டும் போனாள்.

நான் தடுக்கேல்லை.
"நிறம் கொஞ்சம் குறைவு" எண்டு
அவளைப் பாத்திட்டுப் போன
மூண்டு மாப்பிள்ளையளுக்கும்
தேத்தண்ணி குடுத்தது நான்தான்.
ஒரு விரல் தள்ளினால் அது சரிவருமெண்டால்
தள்ளட்டன்.

ஆறாயிரம் நோட்டீஸ்.
ஒட்டக்கூடாதெண்டு சட்டம், இரவில ஒட்டினம்.
"ஆர் இந்தப் பிள்ளை, கமலாசனியின்ட மகளோ?"
எண்டு மில்லுக்காரர் கேட்டார்.
அவளுக்கு மகள் இல்லை.

நாப்பத்தொரு வாக்கால தோத்தாள்.
படத்தாலயோ எண்டு
நான் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை.

குளப்பிட்டிச் சந்தி மதிலில ஒண்டு இன்னும் கிடக்கு.
மலிவு மை. வெயிலுக்குச் சிவப்புப் போச்சு, மஞ்சளும் போச்சு,
தள்ளித் தள்ளி வெளுப்பாக்கினது ஒண்டும் நிக்கேல்லை.
நீலமாய்ச் சிரிக்கிறாள் இப்ப,
திருமாலுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி போல.
ஆரோ நெத்தியில குங்குமமும் வைச்சிருக்கினம்.
அந்தப் பக்கம் போனால்
அவள் மற்றப் பக்கம்தான் பாப்பாள்.

பத்தொன்பதாவது என்ர போனில இருக்கு.
அவளின்ட நம்பருக்கு அதைத்தான் போட்டிருக்கிறன்.
வாய்க்கால் அடைச்சாலும் லைற் எரியாட்டிலும்
சனம் இப்பவும் அவளிட்டைத்தான் போகுது,
அவள் ராத்திரி ஒன்பது மணிக்கு
எனக்கு எடுத்துத் திட்டுறாள்.
வெடிச்ச கண்ணாடிக்குப் பின்னால
போன பவுசரைப் பாத்துக் கத்திக்கொண்டு
வெளிச்சமாய் எழும்புவாள்.

ரெண்டு மணி அடிக்க விட்டுத்தான்
எடுக்கிறனான்.