ஒரே நீர்

தார்த்து நகரில் பிப்ரவரி,
பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்தொன்பது.
ஆறு கல்லாகிக் கிடக்க,
தொண்ணூற்றொரு டிகிரியில் வேகிற ஒரு பெட்டியை
இரண்டு கையாலும் அணைத்தபடி
மூன்று மாடி ஏறி வந்தான் உர்மாஸ்.

"விசிறி கத்துகிறது. படம் பாதியில் நிற்கிறது."
சதுப்புநிலங்களை வரைபடமாக்குகிறவன்.
ஐலி கேட்டது ஒன்றுதான்:
தண்ணீர் எப்போது மாற்றினாய்?
அவன் கூரையைப் பார்த்தான்.

குழாயைப் பிடுங்கினாள்.
கண்ணாடிக் குவளையில் இறங்கியது
ஆறிப்போன கஞ்சி.
செம்புக் கட்டியின் திருகுகளைக் கழற்றினால்
உள்ளே மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள்,
அத்தனையிலும் வெள்ளைச் சேறு.

ரேடியேட்டரைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது.
அந்த அளவுக்கு அந்தக் கனம் போதாது.
கறுப்புப் பூச்சின் ஓரத்தில்
அரத்தால் இரண்டே இழுப்பு.
சிவக்கவில்லை,
வெளுத்துச் சிரித்தது.

"செம்பு என்றுதான் விற்றான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"பாதி விலைக்கு."

தமிழில் களிம்பு என்று ஒரு சொல் உண்டு.
செம்போடு கூடப் பிறந்தது,
புளி போட்டுத் தேய்த்தால் போகும்,
நாலு நாளில் திரும்பும்.
ஐலிக்கு அந்தச் சொல் தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது இது:
செம்பு தன்னைக் கொஞ்சங்கொஞ்சமாக நீரில் விடும்.
கண்ணுக்குப் படாத துணுக்கு
சுற்றிப்போய் அலுமினியத்தின் மேல் உட்காரும்.
உட்கார்ந்த இடத்தில் குழி.
குழியிலிருந்து கிளம்பிய வெள்ளை
திரும்பி வந்து செம்பின் தொண்டையை அடைக்கும்.
பம்ப் ஓடுகிறவரை
இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடும்.

கல்யாணத்துக்கு இதை உவமை சொல்ல
யாருக்காவது நாக்கு துறுதுறுக்கலாம்.
ஐலி சொல்லமாட்டாள்.
இரண்டு முறை கட்டி இரண்டு முறை பிரிந்தவள்.
அந்தக் காரணங்கள் வேறு,
எதிலும் மின்னோட்டம் இல்லை.

"மருந்து ஊற்றினால்?"
அலமாரியில் இருக்கிறது துருத் தடுப்பான்,
நீலக் குப்பியில்.
"ஊற்றலாம். தள்ளிப்போடும்.
மருந்து தீரும் தேதி
உனக்கு மறந்தாலும் அலுமினியத்துக்கு மறக்காது."

பாசி பிடிக்காமலிருக்க
வெள்ளிக் கம்பிச்சுருள் ஒன்றும் போட்டு வைத்திருந்தான்.
இடுக்கியால் எடுத்துத் தாளில் வைத்தாள்:
"இது மூன்றாவது ஆள்."

புதிதாக வாங்கக் காசில்லை அவனிடம்.
சனிக்கிழமை, உடைசல் வண்டிகள் அடுக்கிய முற்றத்தில்
பனியைக் காலால் ஒதுக்கி
ஒரு பழைய வோல்காவின் முகப்புக்குள் தலையைவிட்டு
ஹீட்டரைப் பிடுங்கி எடுத்தாள்.
செம்புக் குழாய், பித்தளைத் தொட்டி, ஈயப் பற்று.
எட்டு யூரோ.

ஓர் இரவு வினிகரில்.
பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசல்,
குவளையில் நீர் தெரியாமல் போகும்வரை அலசல்.
தகடுகளுக்கு நடுவிலிருந்து
ஊசியால் நெம்பியதில் வந்தது
ஒரு சூரியகாந்தி விதைத் தோல்.
யார் கொறித்ததோ,
எந்த ஊர் போகிற வழியிலோ.

"ஈயம் இருக்கிறதே?" என்றான் உர்மாஸ்,
இப்போது விவரம் தெரிந்தவனாக.
"செம்போடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.
அந்த 'ஏறக்குறைய'வுக்குத்தான் மருந்து"
என்று நீலக் குப்பியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் அடங்கவில்லை ஹீட்டர்.
மேசைக்கு அடியில் தொங்கவிட்டார்கள்.
இணைப்புகளுக்குக் கீழே காகிதம் விரித்து
ஒரு நாள் முழுக்க வெறும் பம்பை ஓடவிட்டார்கள்.
காகிதம் காய்ந்தே இருந்தது.

ஐம்பத்தெட்டு டிகிரி.
வோல்காவில் யார் முழங்காலுக்கோ வீசிய சூடு
இப்போது உர்மாஸின் முழங்காலுக்கு.
திரையில் ஒரு சதுப்புநிலம்
ஓரத்திலிருந்து நிறைந்துகொண்டு வந்தது.

ஐலி ஒட்டுநாடா கிழித்து
அடுத்த பிப்ரவரி என்று எழுதி
பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.
அவன் படித்தானா என்று தெரியவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான்.