கைராசி

ஒரகடத்திலிருந்து திரும்பி வந்தன
ஆயிரத்து இருநூறு வில்லைகள்.
பெட்டியின் மேல் சிவப்பு மையில் ஒரே சொல்:
துரு.

தணிகைவேலன் ஒன்றை எடுத்து
டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தார்.
தபால்தலை அளவு எஃகில்
ஒரு முழுப் பெருவிரல்.
சுழி, சுழியைச் சுற்றி வளையம்,
குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

தப்பு பேரலில் இல்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.
மே மாதம் அம்பத்தூர் போர்வெல்
உப்பைச் சுமந்துகொண்டு ஏறும் என்று
லாரித் தண்ணீர்தான் ஊற்றினோம்.
கல் மூன்று பங்கு, உருப்படி ஒரு பங்கு.
துருத்தடுப்பு மருந்தைக் கண்ணளவில் விடவில்லை,
மில்லி பார்த்து விட்டேன்.
காகிதத்தை நனைத்து நிறம் பார்த்தேன்: ஒன்பது.

இரவு இரண்டே முக்காலுக்குக் கரண்டு போனது.
பர்னபாஸ் டீக்குப் போனான்.
நான் மூடியைத் திறந்து
கல்லுக்கு மேல் நாலு விரல் நிற்கிற மாதிரி
மருந்துத் தண்ணீர் ஊற்றினேன்.
முழுக மூழ்கிய இரும்பு பிழைக்கும்.
முழுக்கக் காய்ந்ததும் பிழைக்கும்.
பாதி ஈரத்தோடு காற்று வாங்கிக்கொண்டு
கிடக்கிறதே, அதுதான்
பர்னபாஸின் டீ ஆறுவதற்குள் சிவந்துபோகும்.

கரண்டு வந்ததும் அலசி,
சோளக்கட்டைத் தூளைச் சூடாக்கி
மணலில் கடலை வறுக்கிற மாதிரி புரட்டினோம்.
சல்லடையில் விழும்போது
ஒவ்வொன்றும் புதுக்காசு.

எண்ணும்போதுதான் கையுறையைக் கழற்றினேன்.
வழுக்குகிறது, கணக்குத் தப்புகிறது.
ஜெனரேட்டரில் ஃபேன் ஓடாது.
மேலடுக்கை மட்டும்
முகம் பார்க்க நிமிர்த்தி அடுக்கினேன்,
பெட்டியைத் திறப்பவன் கண்ணுக்கு
முதலில் பளபளப்புப் படட்டும் என்று.
அதற்குப் பிறகு எண்ணெய்.
எண்ணெய் போர்த்திக் காப்பாற்றியது,
என் உப்பை.

சோதனை வைத்தார்கள்.
ஏழு பேர், ஏழு வில்லை, ஏழு பெருவிரல்.
ராத்திரி முழுக்க ஜன்னலோரம்.
காலையில் ஆறில் ஒன்றுமில்லை,
சந்திராணியுடையதில் மட்டும் லேசாக ஒரு மஞ்சள்.
ஏழாவதில் நான் இருந்தேன்
எழுந்து உட்கார்ந்த மாதிரி.
"சிலர் வேர்வை அப்படி," என்றார் தணிகைவேலன்.
"உன் கைராசி."
யாரோ சிரித்தார்கள். நானும்.

சனிக்கிழமை கொரட்டூர் ரேஷன் கடை.
கருவியில் விரலை வைத்தேன்.
ரேகை பொருந்தவில்லை.
"துடைச்சிட்டு வைம்மா."
பொருந்தவில்லை.
"வேற விரல் வை."
ஆறு வருஷமாகக் கல்லோடு கல்லாக
அள்ளிய விரல்கள் பத்தும்
வரிசையாய் வந்து தோற்றன.
பின்னால் ஒரு அம்மாள் மண்ணெண்ணெய் கேனைத்
தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

பையில் அந்த ஏழாவது வில்லை இருந்தது.
எடுத்துக் காட்டியிருக்கலாம்.
இதோ, சார், சுழி. இதோ வளையம்.
வேண்டுமானால் தழும்பையும் பாருங்கள்.
அதற்குள் மகனின் போனுக்கு ஓ.டி.பி. வந்துவிட்டது.
பதினைந்து கிலோ, புழுங்கல்.

திங்கட்கிழமை கையுறைப் பெட்டியில்
என் டோக்கன் எண் மட்டும் எழுதியிருந்தது.
இரண்டு ஜோடி, ஒன்றன் மேல் ஒன்று.
கிழிந்தால் கேள், வெட்கப்படாதே என்றார்.
எண்ணுகிற மேசைக்குத் தராசு வந்துவிட்டது,
இனி எடைதான் எண்ணிக்கை.
இதைப் போன வருஷமே வாங்கியிருக்கலாம்,
சொல்லவில்லை.

வில்லை எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் கிடக்கிறது.
எண்ணெய் தடவவில்லை, தாளில் சுற்றவில்லை.
ராத்திரி கடல்காற்று
இங்கேவரைக்கும் வருகிறது போலிருக்கிறது.
போன வாரம் தழும்பு தெரிந்தது.
இன்று சுழி மட்டும், அதுவும்
எங்கே என்று தெரிந்தவர் கண்ணுக்கு.