சுய விருப்பத்தின் பேரில்

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் பதினோரு வருஷமாய்த்
தட்டச்சு எனக்கு.
ஒரு வாக்கியத்தை மட்டும் நான் அடிப்பதே இல்லை.
கணினியிலேயே கிடக்கிறது,
பெயருக்குப் புள்ளி வைத்து:

'எதிரி ............ எவ்வித அச்சுறுத்தலோ
ஆசை வார்த்தையோ இன்றி
சுய விருப்பத்தின் பேரில்
குற்றத்தை ஒப்புக்கொண்டார்.'

எங்கள் பாஷையில்
குற்றம் சாட்டப்பட்டவன் எதிரி.
யாருக்கு என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை
புள்ளிகளின் மேல் வந்து உட்கார்ந்தவன்
தேசப்பன், வயது இருபத்தாறு,
தகப்பனார் லேட் ஆதிமூலம்,
பழைய வண்ணாரப்பேட்டை.
தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டில்
செம்புக் கம்பி, பதினெட்டுக் கிலோ.
புழலில் எழுபத்து நான்கு நாள்.
ஜாமீன் மூன்றாவது வாரமே கிடைத்துவிட்டது.
கிடைக்காதது
வீட்டுவரி ரசீதோடு வந்து
கையெழுத்துப் போட இரண்டு பேர்.
அவன் தெருவில் வீடுகள் உண்டு.
ரசீது கிடையாது.

வக்கீல் அவன் காதில் சொன்னதை
நான் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்,
எல்லாக் காதுக்கும் அதே கணக்கு:
ஒத்துக்கொண்டால் இருந்த நாளே தண்டனை,
ராத்திரி சோறு வீட்டில்.
இல்லையென்றால் வாய்தா.
சாட்சி ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்,
மறுபடி வாய்தா.

மாஜிஸ்ட்ரேட் நல்லவர்.
கிண்டலாய்ச் சொல்லவில்லை.
பேனாவை மூடிவைத்துவிட்டு
முகம் பார்த்துத்தான் கேட்பார்.
"யாராவது மிரட்டினாங்களா?"
"இல்லீங்க அய்யா."
"அடிச்சாங்களா?"
"இல்லீங்க."
"ஒத்துக்கிட்டா விட்டுடுவோம்னு யாராவது சொன்னாங்களா?"

அவன் வக்கீலைப் பார்த்தான்.
வக்கீல் கட்டின் நாடாவைப் பார்த்தார்.
கடைசி பெஞ்சில்
குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்த பெண்
கையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"அய்யா, நீங்களே சொல்டுங்க.
இல்லன்னா வூட்டுக்குப் போவேனா,
ஆமான்னா வூட்டுக்குப் போவேனா?
எதுவோ அத்த எயுதிக்கங்க."

சிலர் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.
மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை.
யோசிக்க டைம் வேணுமா, என்றார்.
"எய்பத்தி நாலு நாளா
அத்தான் பண்ணிக்கினு இருந்தேன்."

கேள்விகள் முதலிலிருந்து தொடங்கின.
இந்தத் தடவை மூன்றுக்கும்
பிசகாமல் வந்தது: "இல்லீங்க அய்யா."

அவன் கேட்டதை நான் அடித்திருந்தேன்.
'வூட்டுக்கு' என்பதை 'வீட்டிற்கு' என்று திருத்திக்கூட.
பிறகு கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி
ஒவ்வொன்றாய் அழித்தேன்.
அழிக்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை.
ஆசை வார்த்தை எதுவும் இல்லை.
மணி ஒன்றரை, பசி,
அடுத்த கட்டு காத்திருந்தது.

போன வாரம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
தண்ணி கேன் ஏற்றிய மூணு சக்கர வண்டியோடு நின்றான்.
அவன்தான் முதலில் தலையசைத்தான்.
ஹார்பர் பாஸ் கேட்டிருந்தானாம்.
"கேஸ்ல தண்டனன்னு இருக்குதாம் சார்,
கெடையாதுன்ட்டாங்க."
மழை வராது போல என்று சொல்கிற குரல்.

எனக்கு ஏனோ கேட்கவேண்டும்போல் இருந்தது.
"எடுத்தியா?"
"இன்னாது?"
"கம்பி."

பெட்ரோல் டேங்கர்கள் ஒவ்வொன்றாய்
மெதுவாய் நகர்ந்துகொண்டிருந்தன.
எண்ணுகிறவன்போல் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்:
"அத்த அங்கியே கேட்டிருக்கலாமே சார்,
யாருனா ஒர்த்தர்."

வண்டி போன பிறகும் கேட் திறக்கவில்லை.
எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறது என்றார்கள்.
பைக்கைச் சாய்த்து நுழைந்தவர்கள் நுழைந்தார்கள்,
சேலையை இடுக்கிக்கொண்டு ஒரு பெண்,
ஸ்கூல் பையன்கள்.
அவன் வண்டியில் இருபது கேன்.
அது குனியாது.

நான் நடந்து போகிறவன்.
வரேன்பா என்றேன்.
குனிந்து
அந்தப் பக்கம் போனேன்.