முப்பிடாதியக்காவின் தழும்பு

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு எதிர் மாடியில்
ஸ்டூடியோ.
முதலாளி படம் எடுப்பார்.
நான் வெளுப்பேன்.

பதினோரு வருசம்.
மூக்கைக் கூராக்க ஒரு பொத்தான்,
தாடையை ஒடுக்க இன்னொன்று.
நிறத்துக்கு எண் மனப்பாடம்:
மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண் படமென்றால்
நாற்பது.
மாப்பிள்ளை படத்துக்கு யாரும் கேட்டதில்லை.

நேற்று முப்பிடாதியக்கா படியேறி வந்து
மூச்சு வாங்க
எட்டுப் படத்தையும் மேசையில் போட்டாள்.
"யாருட்டி இவ?
பேங்க்ல இது நான் இல்லையாம்.
பீடிப் பணம் அப்படியே நிக்கி.
எந் தழும்ப எங்கட்டி கொண்டு வச்ச?"

தாடையோரம் சுருங்கிய தோல்,
புளியங்கொட்டை அகலம்.
எப்படி வந்ததென்று கேட்டதில்லை,
அழித்திருக்கிறேன்.

தேடினேன்.
எடுத்த படத்தின் மேலேயே
திருத்தியதைச் சேமித்திருந்தேன்.
கம்ப்யூட்டரில் எங்கேயும் அக்கா இல்லை.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
கேமராவை நானே எடுத்தேன்.
பழக்கத்தில் பவுடர் டப்பாவை நீட்டினேன்.
சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
"சிரிக்கணுமா?"
"வேண்டாம்க்கா, பேங்குக்குல்லா."
சிரித்தாள், முன்பல் சந்து தெரிய.

ஒன்றும் தொடாமல் அச்சடித்தேன்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

வாசல் கண்ணாடியில்
மாதிரிக்கு ஒட்டிய மணப்பெண் படம்
வெயிலில் இன்னும் வெளுத்திருக்கிறது.
வருகிறவர்கள் கேட்பார்கள்,
"உன் தங்கச்சியா?"
ஆமா, திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கு
என்பேன்.