முப்பதுக்கு எத்தனை

மேசையில் இரண்டு படிவங்கள்.
வெள்ளைத் தாளுக்கு ஏழு நிமிடம், மஞ்சளுக்குப் பன்னிரண்டு.
இரண்டுக்கும் முழு மதிப்பெண் முப்பதுதான்.
எது மறதியை முன்னதாகப் பிடிக்கிறது,
எது நலமாயிருப்பவரையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று
ஹெல்சிங்கியில் கேட்டிருக்கிறார்கள்.
நவம்பர் கடைசி. உட்ஸ்யோக்கியில்
சூரியன் விடைபெற்று மூன்று நாள்.

காலை பத்து மணிக்கு ஹெல்மி.
முப்பத்தொரு வருடம் வங்கியில் கணக்கர்.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள்,
சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல்.
அவள் வரைந்த கடிகாரத்தில் மணி பார்க்கலாம்.
வெள்ளையில் இருபத்தொன்பது, மஞ்சளில் இருபத்தேழு.
இரண்டு தாளும் வாழ்த்தி அனுப்பின.

நடைவழியில் அவள் கணவர் ரைனே
தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்:
"மின்கட்டணத்தை மூன்று முறை கட்டிவிட்டாள்.
செவ்வாய்க்கிழமை
என்னை யாரென்று கேட்கவில்லை.
எப்போது உங்கள் வீட்டுக்குப் போவீர்கள் என்றுதான் கேட்டாள்,
மரியாதையாக."
அதற்கு எந்தத் தாளிலும் கட்டமில்லை.

பிறகு யோவ்னா. வயது எண்பத்தொன்று.
பள்ளியில் நான்கு குளிர்காலம், அதுவும் அவர் மொழியில் இல்லை.
"இப்போது என்ன பருவம்?"
"முன்பனி" என்றார், எங்கள் ஸாமி மொழியில்.
எங்களுக்குப் பருவம் எட்டு, தாளுக்கு நான்கு.
"கூதிரா, பனியா, ஒன்றைச் சொல்லுங்கள்."
"இரண்டும் இல்லாதபோது எப்படிச் சொல்வது?"
சுழியம்.
ஒட்டகப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.
"கலைமானை யாரோ பார்க்காமலே வரைந்திருக்கிறார்கள்."
"நூறில் ஏழு போனால்?"
"எங்கே போனது? ஓநாய் தின்றதா, நான் விற்றதா?"
பிறகு வாயை மூடிக்கொண்டார்.
மந்தையின் கணக்கை எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை,
கேட்டவருக்குச் சொல்வதுமில்லை.
வெள்ளையில் இருபது. மஞ்சளில் பதினாறு,
குறைவாகப் படித்ததற்குத் தாளே இரங்கிப் போட்ட
ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்து.

எனக்குக் கோபம் வந்தது.
பேனாவை வைத்துவிட்டுக் காதுக்குறிகளைக் கேட்டேன்.
இடது காதில் இரண்டு வெட்டு, வலதில் பிறைக்கீறல்,
அந்தக் கலைமான் யாருடையது?
தடுமாறவே இல்லை. குடும்பம் குடும்பமாக,
இறந்தவர்கள், மந்தையை விற்றுவிட்டுத் தெற்கே போனவர்கள் உட்பட,
காற்றில் விரலால் வெட்டி வெட்டிக் காட்டி
நாற்பத்தாறு குறிகள்.
ஓரத்தில் எழுதினேன்: தாள் தப்பு, ஆள் சரி.

மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.
ஜன்னலுக்கு அப்பால் நீல இருட்டு.
"ருன்னே!" என்று நாயைக் கூப்பிட்டார்.
கதவருகே குனிந்து காலணிக் கயிறு கட்டிய மகள் எல்லே
என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
"ருன்னே செத்து ஆறு வருடம். இது வேறு நாய்."

ஓரத்தில் எழுதியதை அடித்தேன்.
முழுவதும் அடிக்கவில்லை.
பதினாறு சரிதான் போலிருக்கிறது,
அது எண்ணியவை எல்லாம் தவறு.
இதை அட்டவணையில் எந்தப் பத்தியில் போடுவது?
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

வெளியே, பனியை உதறி எழுந்து
ஓடி வந்தது நாய்
தன்னுடையதல்லாத பெயருக்கு.