பிசாசு முனை: இருப்புக் கணக்கு

படிவத்தின் முதல் கேள்வி:
கட்டிடம் எத்திசை நோக்கியுள்ளது?
காம்பஸை மதில்மேல் வைத்தேன்.
முள் சற்று யோசித்தது.
கரும்புக் காட்டைக் காட்டியது,
பிறகு என்னை.

கிழக்கு என்று சூரியன் சொல்கிறது.
படிவம் பாகையில் கேட்கிறது.

மாயேபூர் பேருந்து என்னையும் அளவு நாடாவையும்
இறக்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்.
பீரங்கியின்மேல் கெய்த்தான் உரித் காயப்போட்டிருக்கிறான்,
பதினொன்று, கால்கள் விரித்து.
எங்கள் மொழியில் இதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர் என்றேன்.
"அப்படியானால் சரியான இடத்தில்தான் காய்கிறது."

அவன் சொன்னது:
பாறைக்கடியில் பிசாசு உட்கார்ந்திருக்கிறது.
கப்பல் தாண்டும்போது முள்ளைப் பிடித்துத் திருகும்.
மாலுமி சிலுவை போட்டுக்கொள்வான்,
கப்பல் பவளத்தில் ஏறிவிடும்.
அவன் அத்தை சொன்னது:
பிசாசெல்லாம் இல்லை,
செத்துப்போன ஊதுகொம்புக்காரன், தன் கப்பலைத் தேடுகிறான்.
கடைக்கார லிம் சொன்னது: புதையல் இரும்பு.
பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் சொன்னது:
எரிமலைக் கல், கல்லுக்குள் காந்தம், அவ்வளவுதான்.
அவர் சொன்னதை மட்டும்
யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அகற்றத்தக்க பொருட்கள்:
மதில் பொந்தில் பாதி மெழுகுவத்தி,
எலுமிச்சை ஒன்று, பற்றவைக்காத சிகரெட்,
திறந்த சார்டின் டப்பா, எறும்புகளுடன்.
மினிஸ்ப்ரின்ஸுக்கு யாரோ வைத்திருக்கிறார்கள்.
முனீஸ்வரன் கடல் தாண்டி வந்தபோது
ரம்மும் பெயரில் ஒரு பிரபுத்தனமும் சேர்ந்துகொண்டன.
அகற்றத்தக்கவை அல்ல என்று எழுதினேன்.

எதிரே ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தில் பெரிய சண்டை.
ஜெயித்தவர்கள் நான்கே மாதத்தில் தீவைத் தோற்றார்கள்.
இங்கிலீஷ்காரன் வடக்கே இறங்கினான்,
இவை இங்கே கிழக்கைப் பார்த்தபடி.
இப்போது ஓட்டல் படகுகளைக் குறிவைக்கின்றன,
மூக்கில் மைனா எச்சம்.

கட்டியவர் யார்?
துறைக்கு ஒரு பொறியாளர் பெயர் போதும்.
நான் ஆவணக் காப்பகத்துக்கும் போயிருந்தேன்.
அது இருக்கும் ஊருக்குப் பெயர் கோரமண்டல்.
வாயில் கல்லைப் போட்டுக்கொண்டு சோழமண்டலம் சொன்னால்
அப்படித்தான் வரும்.
பூச்சி தின்ற ஏட்டில் ஒரு வரி:
"தயாபென். மலபார். கொத்தன். வயது சுமார் முப்பது.
சுண்ணாம்பில் ஒரு கண் போனது. கூலி பிடித்தம் இல்லை."
மலபாரை அவன் கண்டிருக்கவே மாட்டான்,
காரைக்காலில் ஏறியவன்.
தையப்பனா, தாயப்பனா,
எழுத்தர் இறகைத் தொட்டுக்கொண்ட நேரத்தில்
பெயரின் எலும்பு ஒன்று நழுவிவிட்டது.
பிடித்தம் இல்லை என்ற கருணையை
மூன்று முறை படித்தேன்.

கடுக்காய் கிடைத்திருக்காது இங்கே.
வெல்லத்துக்குப் பதில் ஆலைப்பாகு ஊற்றியிருப்பான்.
அதனால்தான் ஆடுகள் இந்தச் சுவரை நக்குகின்றன என்றான் கெய்த்தான்.
யாரும் பார்க்காதபோது நானும் நக்கிப் பார்த்தேன்.
உப்பு.

தாளைத் திருப்பினால் பின்பக்கம்,
பவளம் வெட்டியவர்கள், சூளையில் சுட்டவர்கள்:
"மொசாம்பிக், ஆண், பதினான்கு.
மடகாஸ்கர், பெண், ஆறு. ஒன்று இறந்தது."
பெயருக்கென்று கோடு போட்ட இடம் இருக்கிறது.
கோடு மட்டும் இருக்கிறது.

கெய்த்தானிடம் என் கொத்தனைப் பற்றி
மகிழ்ச்சியாகத்தான் சொல்லத் தொடங்கினேன்.
கேட்டுவிட்டு, "எங்கள் ஆட்கள்?" என்றான்.
இருபது, என்றேன்.
"இருபது என்ன?"

அலை பவளத்தில் ஒருமுறை உடைந்தது.
அவன் எழுந்து, காய்வதை
ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான்.
திருப்பும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னான்,
கிரியோலில், மெதுவாக, தன் பிள்ளைகளின் பெயர்களா,
வாய்க்கு வந்ததா, தெரியவில்லை.
பதினொன்றில் நிறுத்தினான்.
"மீதியை நாளைக்குப் பிடிக்க வேண்டும்."

பேருந்து ஹாரன் அடித்தது.
கட்டியவர் என்ற கட்டத்தில் பொறியாளரை எழுதவில்லை.
தயாபெனை எழுதினேன், அருகே ஒரு காற்புள்ளி.
அதற்கப்புறம் கட்டத்தில் இடம் போதவில்லை.
படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
அங்கே இருபது கோடு கிழித்தேன்.

திசை:
முள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.